கண்ணுக்கும் ஒரு புலப்படம்



கூத்தாநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் சென்ற மாதம் வந்தது. இன்னும் என் மேசை மேலேயே இருக்கிறது. அவருடைய மாமிக்கு வயது 64. பக்கத்துத் தெருவில் நடந்த கண் முகாமுக்கு யாருக்கோ துணையாகப் போன மாமியையும் உட்காரவைத்துக் கண்ணுக்குள் போட்டோ எடுத்திருக்கிறார்கள். "நரம்புல குழி பெரிசா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமி போக மறுக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதுகிறார், அரிசியில் கல் பொறுக்குகிறார், லெட்சுமாங்குடிப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸின் போர்டைத் தூரத்திலேயே படித்துவிடுகிறார். "நல்லாத் தெரியுற கண்ணுக்கு எதுக்கு வைத்தியம்?" என்று கேட்கிறார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மருமகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கேள்வி எனக்கு வந்துவிட்டது.

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை என்னால் எடுத்து ஓரமாக வைக்க முடியவில்லை. இதே கேள்வியை என் அப்பா கேட்டிருக்கிறார்.

கூத்தாநல்லூரைப் போலவே எங்கள் நிலமும் வெண்ணாற்றுப் பாசனத்தில்தான். ஒரு தை மாதம், சம்பா அறுப்பு. களத்தில் காற்றுக்கு எதிரே நின்ற அப்பாவின் வலது கண்ணில் நெல் சுணை விழுந்துவிட்டது. துண்டை மடித்து அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். நெற்குவியலின் உச்சி தெரிந்தது. அதன் அடியில் உட்கார்ந்து சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த ஆளைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது. துண்டை எடுத்தார், ஆள் இருந்தார். மறுபடி பொத்தினார், ஆள் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் யாரிடமும் சொல்லாமல் ஒரு கண்ணைப் பொத்துவதும் திறப்பதுமாகவே இருந்தார் என்று அம்மா பிறகு சொன்னார்.

புரையாக இருக்கும் என்று நினைத்துத்தான் கூட்டிப்போனோம். இடது கண்ணின் நரம்பு பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் பாதி போயிருக்கிறது என்றார் மருத்துவர். பல வருஷமாக நடந்துகொண்டிருந்த காரியம் என்றும் சொன்னார். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானேய்யா தெரிஞ்சுது" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. க்ளாக்கோமா என்கிற நோயின் கொடுமை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது, ஓயாமல் வடிகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. வரத்தும் வடிகாலும் சமமாக இருக்கிறவரை கண்ணின் அழுத்தம் நிலையாக நிற்கும். பெரும்பாலோருக்கு அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வடிகால் தூர்ந்துபோனால் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். மதகே மூடிக்கொண்டால் ஒரே ராத்திரியில் ஏறிவிடும். கண்ணில் மதகு திடீரென்று மூடினால் தாங்க முடியாத வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் எல்லாம் வரும். அப்படி வந்தவர்கள் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்கள். தூர்ந்த வடிகால்காரர்களுக்கும், மதகு கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறவர்களுக்கும் எந்த அறிகுறியும் இராது. வலி இல்லை, சிவப்பு இல்லை, பீளை இல்லை. கண்ணின் பின்புறத்தில் இருக்கிற பார்வை நரம்பு மட்டும் நசுங்கிக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடாமலேயே நரம்பு மெலிகிறவர்களும் உண்டு, நம் நாட்டில் அவர்கள் குறைவில்லை. ஆகவே "கண் பிரஷர் பார்த்தாச்சு, நார்மல்தான்" என்ற ஒரு வரியோடு நிம்மதியாகிவிட முடியாது.

சரி, ஏன் அப்பாவுக்குத் தெரியவில்லை?

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைச் செதுக்குகிற கதை நம் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரே நாளில் ஒரு மா நிலத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நடவுக்கு நடவு, மண்வெட்டி ஓரத்தால் ஒரு விரல்கடை. தினமும் அந்த வரப்பிலேயே நடக்கிறவருக்கு அது கண்ணில் படாது. பார்வையின் ஓரமும் இப்படித்தான் போகிறது. ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டுகிறது. இரண்டு கண்ணும் விட்ட இடத்தை மூளை அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசி மறைத்துவிடுகிறது, இருட்டாகக்கூடத் தெரியாது. நடுப்பார்வையோ பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். குர்ஆனின் எழுத்தும் அரிசியில் கல்லும் பஸ் போர்டும் நடுப்பார்வையின் வேலை. சகோதரி, உங்கள் மாமி சொல்வது முழு உண்மை. ஆனால் அவர் பார்த்துவைத்திருப்பது நிலத்தின் நடுவை. வரப்பை யாரும் இன்னும் அளக்கவில்லை.

வரப்பு குறைந்ததா என்று அறிய நாம் என்ன செய்கிறோம்? தாலுகா ஆபீஸிலிருந்து புலப்படத்தை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து, கல்லைத் தேடுகிறோம். கண்ணுக்குள் எடுக்கிற போட்டோவை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். மருத்துவத் தமிழிலும் ஒரு கண் பார்க்கிற பரப்புக்குப் 'பார்வைப்புலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு முழு நிலா. அதில் வேர்கள் போல ரத்தக்குழாய்கள். எல்லா வேர்களும் ஒரு வெளிறிய வட்டத்திலிருந்து புறப்படுகின்றன. நரம்பு கண்ணைவிட்டு மூளைக்குக் கிளம்புகிற வாசல் அது. அகலம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் அகலம்கூட இராது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பு இழைகள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. வட்டத்தின் நடுவில் இன்னும் வெளுப்பாக ஒரு குழி. குழியைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு கரை. கரை என்பது உயிரோடிருக்கும் இழைகள். குழி என்பது இழைகள் இல்லாத இடம். இழைகள் சாகச் சாகக் கரை மெலிந்து குழி அகலும். வட்டத்தின் மொத்த உயரத்தில் குழி பத்தில் ஏழு பங்கைத் தாண்டினால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். முகாமில் சொன்ன 'பெரிய குழி' இதுதான்.

வட்டத்துக்கு வெளியே பார்க்கவும் கற்றவர்கள் உண்டு. நல்ல விழித்திரையில் நரம்பு இழைகள் சீப்பால் வாரியது போல மெல்லிய கோடுகளாகத் தெரியும். பச்சை ஒளியில் எடுத்த படத்தில் இன்னும் துலக்கமாக இருக்கும். நோய் தொட்ட இடத்தில் ஆப்பு வடிவில் ஒரு கருமை விழும். வரப்பில் நின்று பார்க்கும்போது நட்ட பயிரில் ஒரு பத்தி மட்டும் பட்டுப்போயிருந்தால் எப்படித் தெரியும், அப்படி. 1991 இல் ஆல்ஃபிரட் சோமரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பின்னாளில் பார்வைப்புலம் குறைந்த கண்களின் பழைய படங்களை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். புலம் குறைவதற்குச் சுமார் ஆறு வருஷம் முன்பே, பத்தில் ஆறு கண்களின் படத்தில் அந்தப் பட்டுப்போன பத்தி தெரிந்திருந்தது.

ஆறு வருஷம். ஆறு சம்பா. என் அப்பாவை யாராவது அந்த ஆறு வருஷத்துக்குள் ஒருமுறை அந்தக் கேமராவின் முன்னால் உட்காரவைத்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

உயிரோடு இருக்கிற மனிதரின் கண்ணுக்குள் பார்க்கலாம் என்பதே 1851 இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் சிறு கருவியை வெளியிட்ட பிறகுதான் வந்தது. அதை ஆவலோடு எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் பெர்லினின் க்ரேஃபே. க்ளாக்கோமா நரம்பை முதலில் பார்த்தபோது அவர் அந்தக் குழியை மேடு என்றே எடுத்துக்கொண்டார். ஒற்றைக் கண்ணால் தட்டையாகப் பார்த்தால் பள்ளமும் மேடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில காலத்திலேயே திருத்திக்கொண்டார். இன்றும் தட்டையான ஒரு போட்டோவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர் நினைவில் வைக்கவேண்டிய சம்பவம் இது. ஆழத்தை அளக்க வேறு கருவி வந்துவிட்டது. ஒளியை அனுப்பி, அது திரும்புவதை வைத்து விழித்திரையை அடுக்கு அடுக்காகக் காட்டும் ஓசிடி, 1991 இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஆய்வாளர்களும் மற்றவர்களும் வெளியிட்டது. ஒரு தலைமுடியின் கனமே உள்ள நரம்பு அடுக்கு எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அது மைக்ரானில் சொல்லிவிடும்.

இந்த நோயோடு நம் மண்ணுக்குள்ள உறவு பழையது. சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819 இல் தொடங்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெள்ளை விழியின் ஓரத்தில் சிறு துளை போட்டு, தேங்கிய நீருக்குப் புதுவடிகால் வெட்டும் முறையை 1909 முதல் செய்துவந்தார். உலகத்துக் கண் மருத்துவர்கள் பலகாலம் அதைப் பின்பற்றினார்கள். வடிகால் வெட்டும் வித்தை சென்னையிலிருந்து உலகத்துக்குப் போனதை நினைக்கையில் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் வடிகால் வெட்டவேண்டியவர் யார் என்று கண்டுபிடிப்பதில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். 2003 இல் வெளியான அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வைப் பாருங்கள். தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நாற்பது வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு க்ளாக்கோமா. மதகு திறந்திருந்தும் வடிகால் தூர்ந்த வகை, அதாவது திறந்த கோண வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை அது தெரியாது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது. சங்கர நேத்ராலயா சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்விலோ, அதே திறந்த கோண வகை உள்ளவர்களில் முன்பே அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

நாற்பது வயது தாண்டியவர்கள் நாற்பது பேர் உட்கார்ந்த ஒரு கல்யாணப் பந்தியை மனதில் கொண்டுவாருங்கள். அதில் ஒருவர். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், எதிர்வரிசைக்காரரிடம் பேசுகிறார், கைகழுவப் போகும்போது படியில் லேசாகத் தடுமாறுகிறார். வயசாச்சு என்று சொல்லிக்கொள்கிறோம்.

கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். ஆகவே சிங்கப்பூர்க் கதையையும் சொல்லவேண்டும். அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குப் பாலிகிளினிக்கிலேயே கண்ணுக்குள் போட்டோ எடுத்து, பயிற்சி பெற்றவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்கிற தேசியத் திட்டம் 2010 இல் தொடங்கியது. 2017 இல் அங்குள்ள கண் ஆய்வாளர்கள், 4,94,661 படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கியும் சோதித்தும் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறோடு க்ளாக்கோமா சந்தேகத்தையும் அது கண்டுபிடிக்கிறது. சந்தேகத்துக்குரிய கண்கள் நூறில் 96 ஐப் பிடித்தது. நல்ல கண்கள் நூறில் 87 ஐச் சரியாக விட்டது. அதற்கு முந்தைய வருஷம் கூகுள் நிறுவனம் சர்க்கரைக் கண்ணுக்காகக் கணினியைப் பழக்கியபோது அந்தப் படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்திலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை. நம் ஊர்ப் பெரியவர்களின் கண்களும் அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன. இப்போது பெங்களூரில் கைபேசியோடு சேர்ந்த விழித்திரைக் கேமராவே செய்கிறார்கள். தெருமுனை முகாமுக்குக் கேமரா வருகிறதென்றால் காரணம் அதுதான்.

ஆனால் மேலே சொன்ன 87 ஐ மறந்துவிடக் கூடாது. ஓர் உத்தேசக் கணக்குப் போட்டேன். நாற்பது தாண்டிய ஆயிரம் பேருக்குப் படம் எடுத்தால், அரவிந்த் கணக்குப்படி 26 பேருக்கு நோய் இருக்கும். 25 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 974 பேரில் 127 பேருக்கும் சீட்டுக் கிடைக்கும். ஆக, சீட்டோடு வருகிற ஆறு பேரில் ஐந்து பேர் 'ஒன்றுமில்லை' என்று வீடு திரும்புவார்கள். பிறவியிலேயே குழி பெரிதாக இருப்பவர்கள் பலர். அது அவர்கள் சாயல். தூரப்பார்வை குறைந்து கனத்த கண்ணாடி போட்டவர்களின் நரம்பு படத்தைக் குழப்பும். புரை விழுந்த கண்ணில் படமே மங்கும். மதகு மூடியிருக்கிறதா என்பதும் இந்தப் படத்தில் தெரியாது. அதற்கு முன்புறத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். இதனால்தான் முகாமில் யாரும் மாமிக்கு நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை, போய்க் காட்டச் சொன்னார்கள். போனால் பிரஷர் பார்ப்பார்கள், மதகின் கோணம் பார்ப்பார்கள், இருட்டறையில் உட்காரவைத்து வெளிச்சப்புள்ளி தெரிகிறபோதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்லி 'ஃபீல்டு டெஸ்ட்' எடுப்பார்கள். அரைநாள் ஆகும். கண்ணில் மருந்து ஊற்றினால் அன்று சாயந்தரம்வரை வெளிச்சம் கூசும். துணைக்கு ஒருவர் வேண்டும். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சி ஜோசப் கண்ணாஸ்பத்திரி 1934 இலிருந்து நம் டெல்டாக்காரர்களைப் பார்த்துவருகிறது. மாமியிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆறில் ஐந்து பங்கு நல்ல செய்தியோடுதான் திரும்புவீர்கள், அந்த ஆறாவது பங்குக்காக ஒரு நடை.

இன்னொன்றையும் எழுதாமல் விடமுடியவில்லை. அறுப்புக் காலத்தில் சுணை விழுந்தால், கண் சிவந்தால், மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்து இருக்கிறதே, அதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் சிவப்பு போய்விடும், எரிச்சல் நின்றுவிடும். அதனாலேயே பாதிப் புட்டியை அலமாரியில் வைத்து அடுத்த போகத்துக்கும் விடுகிறோம். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும், வலியில்லாமல் ஏறும். குழந்தைகளுக்கும் இது நடக்கும். நெல் கீறிய புண்ணுக்கும் அது ஆகாது. தயவுசெய்து அந்தப் பழைய புட்டியை இன்றே எடுத்து எறியுங்கள்.

அப்பாவுக்கு இப்போது தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து. முதல் வருஷம் இரண்டு முறை நிறுத்திவிட்டார். மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே என்பது அவர் நியாயம். போனது வராது, இருப்பது போகாமல் இருக்கத்தான் மருந்து என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க எங்களால் முடியவில்லை. மருத்துவர்தான் இரண்டு வருஷத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கரை அப்படியே நின்றிருந்தது. அன்றிலிருந்து அம்மா புட்டியை எடுக்குமுன் அவரே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளும் இதில் சேர்த்தி. நாற்பது தாண்டியிருந்தால் அங்கேயே ஒரு படம் எடுத்து, அதன் நகலை ஊருக்கும் கொண்டுவாருங்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சம்பா அறுப்பு முடிந்து, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 வரை கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த மாதங்களில் போகலாம்.

நான் இந்தப் பங்குனியில் போனேன். தாடையைக் கட்டையில் வைத்து, நெற்றியை முட்டுக்கொடுத்து, பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். ஒரு மின்னல். ஒரு நிமிஷம் எங்கு பார்த்தாலும் ஊதா நிறம் மிதந்தது. "இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இதைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருஷம் ஒப்பிடவேண்டும்" என்று அச்செடுத்துக் கொடுத்தார்கள். பட்டாவும் சிட்டாவும் இருக்கிற தகரப்பெட்டியில் வைக்கும்முன் அப்பாவிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். தனக்கு மிச்சமிருக்கிற பார்வைக்குள் படம் வந்து விழும்வரை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலை வைத்து, "இதுல வரப்பு எதுடா?" என்று கேட்டார். அந்த விரலைப் பிடித்து நகர்த்திக் காட்டினேன்.

அன்புடன்,
ஆசிரியர்